மணிக்கட்டுக் கட்டி: வெட்டுவதா, விடுவதா? இரண்டு ஆய்வுகளை வைத்து ஒரு கணக்கு

மணிக்கட்டின் முதுகுப் பக்கத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒரு வீக்கம் வரும். கையை உள்பக்கமாக மடக்கினால் புடைத்துக்கொண்டு நிற்கும், நிமிர்த்தினால் அமுங்கிவிடும். சில மாதம் பெரிதாகும், சில மாதம் தானாகவே சிறுத்துவிடும். இதற்குப் பெயர் கேங்லியன். இது புற்றுநோய் கிடையாது. இருந்தாலும் இதை என்ன செய்யலாம் என்று இரண்டு டாக்டர்களைக் கேட்டால் இரண்டு பதில் வரும். ஒருவர் "எடுத்துடலாம், அதுதான் நிரந்தரம்" என்பார். இன்னொருவர் "விடுங்க, தானா போயிடும்" என்பார். இரண்டு பேருமே தங்கள் பக்கத்துக்கு ஆய்வுக் கட்டுரை காட்ட முடியும். அதனால்தான் இந்தப் பதிவு.

எங்கள் டீமில் ஒரு பெண் அப்படி இரண்டு கட்டுரைகளை எனக்கு அனுப்பி, "அண்ணா, இதுல எதை நம்புறது?" என்று கேட்டார். வலது கை, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொல்லிவிட்டார்களாம். நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். அவர் கையை வெட்டலாமா வேண்டாமா என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஒரு கட்டுரை தன்னிடம் இருக்கும் எண்களை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம், எந்த இடத்தில் அளவுக்கு மீறிப் பேசுகிறது என்று பார்க்க டாக்டர் பட்டம் வேண்டாம். கூட்டல் கழித்தலும் கொஞ்சம் சந்தேக புத்தியும் போதும்.

முதலில், கட்டி என்றால் என்ன

மூட்டைச் சுற்றியுள்ள உறையிலிருந்தோ, தசைநாணின் உறையிலிருந்தோ ஒரு பை வெளியே புடைத்துக்கொண்டு வருகிறது. உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை, கெட்டியான ஜெல்லி. மணிக்கட்டில் வரும் கேங்லியன்களில் பெரும்பாலானவை முதுகுப் பக்கம் வருபவை. அவை பொதுவாக ஸ்கேஃபாய்டு, லூனேட் என்ற இரண்டு சின்ன எலும்புகளை இணைக்கும் தசைநார் பக்கத்திலிருந்து கிளம்பும். மீதியில் பல, நாடி பிடிக்கும் பக்கத்தில், அந்த ரத்தக்குழாயை ஒட்டியே வருகின்றன. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

முக்கியமான விஷயம் இதற்கு ஒரு தண்டு உண்டு என்பது. மேலே தெரியும் உருண்டை ஒரு மெல்லிய தண்டு வழியாக மூட்டோடு சேர்ந்திருக்கிறது. ஊசி குத்தி ஜெல்லியை உறிஞ்சினால் உருண்டை வற்றும், தண்டு அப்படியே இருக்கும். கோரைப்புல்லை மேலாக அறுத்த கதைதான், கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் கனமான புத்தகத்தால் ஓங்கி அடித்து உடைப்பார்கள். வீட்டில் இருந்த கனமான புத்தகம் பைபிள் என்பதால் ஆங்கிலத்தில் இதற்கு 'பைபிள் கட்டி' என்றே ஒரு பெயர் உண்டு. தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

ஆக, இன்றைக்கு மூன்று வழிகள்: சும்மா விடுவது, ஊசியால் உறிஞ்சுவது, ஆபரேஷன். ஆபரேஷனிலும் திறந்து செய்வது, சின்னத் துளை போட்டு ஆர்த்ரோஸ்கோப் வழியாகச் செய்வது என்று இரண்டு உண்டு.

'விடுங்க' கட்சியின் கட்டுரை

2007-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்திலிருந்து ஜோசப் டயஸும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்டது. முதுகுப் பக்கக் கட்டி இருந்த நோயாளிகளிடம் சராசரியாக ஆறு வருடம் கழித்துக் கேள்வித்தாள் வழியாக விசாரித்தார்கள். 236 பேர் பதில் சொன்னார்கள், அதாவது கேட்கப்பட்டவர்களில் 83%. இவர்களில் 103 பேருக்கு ஆபரேஷன், 78 பேருக்கு ஊசி, 55 பேருக்கு ஒன்றும் செய்யவில்லை.

முடிவுகள்: ஆபரேஷன் செய்தவர்களில் 39% பேருக்குக் கட்டி திரும்ப வந்தது. ஊசி போட்டவர்களில் 58% பேருக்கு வந்தது. ஒன்றும் செய்யாதவர்களில் 58% பேருக்குக் கட்டி தானாகப் போய்விட்டது. வலி மூன்று குழுவிலுமே குறைந்தது. ஆபரேஷன் குழுவில் 8 பேருக்குப் பக்கவிளைவு. கட்டுரையின் தீர்ப்பு: நீண்டகால நோக்கில், சும்மா விடுவதைவிட ஆபரேஷனோ ஊசியோ குறிப்பிடத்தக்க நன்மை தரவில்லை.

'எடுத்துடலாம்' கட்சியின் கட்டுரை

2015-ல் வந்த மெட்டா அனாலிசிஸ். 35 ஆய்வுகள், 2,239 கட்டிகள். திரும்ப வந்த சராசரி விகிதம்: ஊசிக்கு 59%, திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு 21%, ஆர்த்ரோஸ்கோப்புக்கு 6%. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்த சோதனைகளை மட்டும் எடுத்தால், ஊசியோடு ஒப்பிடும்போது ஆபரேஷன் திரும்ப வருவதை 76% குறைக்கிறது. இதைப் படிக்கிறவர் நேராகப் போய் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிடுவார்.

ஒரே கட்டி, ஒரே மணிக்கட்டு. ஒன்று 'பிரயோஜனம் இல்லை' என்கிறது, இன்னொன்று '76% குறைவு' என்கிறது. யாராவது பொய் சொல்கிறார்களா? இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. 2015 கட்டுரை கேட்பது ஊசியா ஆபரேஷனா என்று. 2007 கட்டுரை கேட்பது ஏதாவது செய்யவே வேண்டுமா என்று.

ரீஓப்பன் கணக்கு

எங்கள் தொழிலில் ஒரு பக் சரிசெய்து டிக்கெட்டை மூடிய பிறகு அதே பக் திரும்ப வந்தால் அதை 'ரீஓப்பன்' என்போம். ரீஓப்பன் விகிதம் குறைவாக இருந்தால் மேனேஜருக்குச் சந்தோஷம். ஆனால் யாருமே தொடாத டிக்கெட்டுக்கு ரீஓப்பன் விகிதம் என்று ஒன்று இருக்க முடியுமா? மூடினால்தானே திறப்பதற்கு!

'திரும்ப வருதல்' என்ற அளவுகோலின் சிக்கல் இதுதான். சிகிச்சை செய்த இரண்டு குழுக்களை ஒப்பிட அது உதவும். சும்மா விட்ட குழுவை அதற்குள் நுழைக்கவே முடியாது. எனவே எல்லோருக்கும் பொருந்தும் ஒரு அளவுகோலுக்கு மாற்றிப் பார்ப்போம்: கடைசியில் விசாரித்த அன்று கையில் கட்டி இல்லாதவர்கள் எத்தனை பேர்? லெஸ்டர் எண்களை அப்படித் திருப்பினால்:

ஆபரேஷன்: 61%
ஊசி: 42%
சும்மா விட்டது: 58%

61-க்கும் 58-க்கும் வித்தியாசம் மூன்றே மூன்று. 'விடுங்க' கட்சிக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

ஆனால் நடுவில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். ஊசி போட்டவர்களில் கட்டி இல்லாதவர்கள் 42% மட்டும்தான், ஒன்றும் செய்யாதவர்களைவிடக் குறைவு. அப்படின்னா ஜெல்லியை உறிஞ்சி எடுத்ததால் கட்டிக்குக் கோபம் வந்து இன்னும் கெட்டியாக உட்கார்ந்துகொண்டதா? உடம்பியல் ரீதியாக இதற்கு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. இதைவிட எளிய விளக்கம் ஒன்று இருக்கிறது. மூன்று குழுக்களும் ஆரம்பத்திலேயே ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. யாருக்கு என்ன சிகிச்சை என்பது குலுக்கலில் முடிவாகவில்லை. கட்டி பெரிதாக, பிடிவாதமாக, வலியோடு இருந்தவர்கள் ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் போயிருப்பார்கள். ஏற்கெனவே சிறுத்துக்கொண்டு வந்த கட்டிக்காரர்கள் 'சரி, பார்த்துக்கலாம்' என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். மிச்சம் எண்களின் தற்செயல் ஆட்டம்.

ஊசிக்கும் சும்மா விடுவதற்கும் நடுவே தெரியும் வித்தியாசத்தைக் குழு வேறுபாடு உண்டாக்கியிருக்க முடியும் என்றால், ஆபரேஷனுக்கும் சும்மா விடுவதற்கும் நடுவே இருந்த வித்தியாசத்தை அதே குழு வேறுபாடு மறைத்திருக்கவும் முடியும். கஷ்டமான கட்டிகளை வைத்துக்கொண்டு 61% எடுத்த ஆபரேஷன், சுலபமான கட்டிகளை வைத்துக்கொண்டு 58% எடுத்த 'சும்மா'வுக்குச் சமம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. 55 பேர் என்பது சின்னக் குழு. வழக்கமான 95% பிழை வரம்பைக் கையால் போட்டுப் பார்த்தேன். 58% என்பது 45-லிருந்து 71 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆபரேஷனின் 61% என்பது 52-லிருந்து 70 வரை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் வரம்பு, ஆபரேஷனுக்குப் பாதகமாக 13 புள்ளியிலிருந்து சாதகமாக 19 புள்ளி வரை போகிறது. அதாவது, ஐந்து பேருக்கு ஆபரேஷன் செய்தால் ஒருவருக்குக் கூடுதல் பலன் என்பதைக்கூட இந்த ஆய்வால் மறுக்க முடியாது. 'வித்தியாசம் தெரியவில்லை' என்பதும் 'வித்தியாசம் இல்லை' என்பதும் ஒன்றில்லை. டெஸ்டிங்கில் உட்கார்ந்த எவருக்கும் இது தெரியும்: பக் கண்ணில் படவில்லை என்றால் பக் இல்லை என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

மூன்றாவது குறை, காலம். ஆறு வருடம் கழித்து எடுத்தது ஒரே ஒரு போட்டோ. ஆபரேஷன் முடிந்த அன்றிலிருந்து கட்டி இல்லாமல் இருந்தவரும், ஐந்தரை வருடம் கட்டியோடு இருந்துவிட்டு கடைசி ஆறு மாதத்தில் அது போனவரும் அந்தப் போட்டோவில் ஒன்றுதான். கட்டியோடு கழித்த வருடங்களுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த ஐந்து வருடம் பெரிய விஷயமாக இருக்கலாம்.

அடுத்த கட்சிக்கும் இதே தராசு

லெஸ்டரை இவ்வளவு சொன்ன பிறகு 2015 கட்டுரையைச் சும்மா விடுவது நியாயம் இல்லை.

'76% குறைவு' என்பது ஊசியோடு ஒப்பிட்டு. ஊசி எவ்வளவு வலுவான போட்டியாளர்? அதே மெட்டா அனாலிசிஸ், சும்மா விடுவதோடு ஒப்பிட்டால் ஊசி குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை என்றும் சொல்கிறது. ஊசியோடு ஸ்டீராய்டு சேர்த்தாலும் கதை மாறவில்லை. 1997-ல் வந்த ஓர் ஆய்வில், 85 பேரில் ஸ்டீராய்டு சேர்த்தவர்கள், சேர்க்காதவர்கள் இருவருக்குமே மூன்றில் ஒரு பங்குதான் வெற்றி. ஆக, ஆபரேஷன் ஜெயித்தது பலவீனமான எதிரியை.

ஆர்த்ரோஸ்கோப்பின் 6% இன்னும் கவர்ச்சியான எண். விளம்பரத்தில் போடத் தோதானது. ஆனால் அது பெரும்பாலும் ஒப்பீடு இல்லாத தனித்தனி ஆய்வுகளின் சராசரி. 2008-ல் 72 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, திறந்த ஆபரேஷனையும் ஆர்த்ரோஸ்கோப்பையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். ஒரு வருடம் கழித்து ஆர்த்ரோஸ்கோப் குழுவில் சுமார் 11%, திறந்த குழுவில் சுமார் 9%. வித்தியாசம் இல்லை. 2015 கட்டுரையும் ஆர்த்ரோஸ்கோப் மேலானது என்று நிரூபிக்கப்படவில்லை என்றுதான் முடிக்கிறது. அந்த வாக்கியம் யார் கண்ணிலும் படுவதில்லை, 6% மட்டும் ஊர் சுற்றுகிறது.

திறந்த ஆபரேஷனின் 21% மட்டும் நிலையான எண்ணா? 1976-ல் ஏஞ்சலிடிஸ், வாலஸ் என்ற இருவர் 346 முதுகுப் பக்கக் கட்டிகளுக்குச் செய்த ஆபரேஷன்களைப் பற்றி எழுதினார்கள். திரும்ப வந்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே. லெஸ்டரில் 39%. ஒரே பெயர் கொண்ட ஆபரேஷனில் ஒன்றுக்கும் முப்பத்தொன்பதுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி! கொஞ்சம் கைத்திறமை: 1976 கட்டுரையின் சாரமே தண்டையும் அது கிளம்பும் இடத்து மூட்டு உறையையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதுதான். கொஞ்சம் எத்தனை வருடம் கழித்துக் கேட்டார்கள் என்பது. கொஞ்சம் கேட்டது யார் என்பது. ஆபரேஷன் செய்தவர்களே தங்கள் நோயாளிகளைப் பற்றி எழுதுவதற்கும், ஆறு வருடம் கழித்து நோயாளியே கேள்வித்தாளில் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்காதா?

இதற்கு நடைமுறை அர்த்தம் உண்டு. 'ஆபரேஷன் செய்தால் எத்தனை சதவீதம் திரும்ப வரும்?' என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. 'நீங்கள் செய்த ஆபரேஷன்களில் எத்தனை திரும்ப வந்தன, எவ்வளவு காலம் கழித்துப் பார்த்தீர்கள்?' என்று கேட்டால்தான் பதில் உண்டு.

திருப்தி என்ற புதிர்

லெஸ்டர் கட்டுரையில் பெரும்பாலோர் தாண்டிப் போகும் ஒரு வரி இருக்கிறது. ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான் திருப்தி அதிகம், கட்டி திரும்ப வந்தவர்களுக்கும் சேர்த்து.

'பணமும் வலியும் செலவழித்த பிறகு வீண் என்று யார் ஒப்புக்கொள்வார்?' என்று கேலியாகச் சொல்லிவிடலாம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் வேறு மாதிரியும் படிக்கலாம். நோயாளி டாக்டரிடம் போனது கட்டிக்காக மட்டும்தானா?

2000-ல் இங்கிலாந்தில் 50 பேரிடம் 'எதற்காக வந்தீர்கள்?' என்றே கேட்டிருக்கிறார்கள். 38% பேர் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். 28% பேர் புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் என்றார்கள். வலி என்று சொன்னவர்கள் 26% மட்டும்தான். மருத்துவ ஆய்வுகள் கட்டி திரும்ப வந்ததா என்று மாய்ந்து மாய்ந்து எண்ணிக்கொண்டிருக்கும்போது, நாலில் ஒருவருக்கும் மேல் வந்தது பயத்தோடு. அந்தப் பயத்துக்கு மருந்து கத்தி இல்லை. இருட்டறையில் கட்டியின் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஜெல்லி நிறைந்த பை வெளிச்சத்தைக் கடத்தும். சந்தேகம் இருந்தால் ஓர் அல்ட்ராசவுண்ட். பிறகு டாக்டர் நிதானமாகச் சொல்லும் இரண்டு வாக்கியம். என் டீம் பெண்ணிடம் இதே கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வலியெல்லாம் பெரிசா இல்லண்ணா, என்னமோ ஏதோன்னு பயமா இருக்கு" என்றார். ஆபரேஷன் பேச்சு வந்த அன்று இதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

வலி என்று வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மணிக்கட்டில் எந்தத் தொந்தரவும் இல்லாத 103 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது 51% பேருக்குள் கேங்லியன் இருந்தது, அவர்களுக்கே தெரியாமல். ஸ்கேனில் கட்டி தெரிகிறது, கையில் வலி இருக்கிறது என்பதால் வலிக்குக் காரணம் அந்தக் கட்டிதான் என்று ஆகிவிடாது. கட்டியை எடுத்த பிறகும் சிலருக்கு வலி தொடர்வதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அரசாங்கம் விதி எழுதினால்

2018-ல் இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்பு, யோசிக்காமல் செய்யக்கூடாத 17 சிகிச்சைகளைப் பட்டியல் போட்டது. கேங்லியன் ஆபரேஷன் அதில் ஒன்று. தொந்தரவு இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். வலி, மரத்துப்போதல், கவலை இருந்தால் முதலில் ஊசி. ஊசி பலிக்காமல், கை வேலையும் பாதிக்கப்பட்டால் மட்டும் ஆபரேஷன். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சும்மா விடுவதைவிடப் பெரிதாக மேல் இல்லை என்று தெரிந்த ஊசியை, எல்லோரும் ஏற வேண்டிய படியாக ஏன் வைத்தார்கள்? எனக்குத் தெரிந்த ஒரே நல்ல பதில், வெளியே வந்த ஜெல்லியைக் கண்ணால் பார்த்தால் அது என்ன என்ற சந்தேகம் தீர்ந்துவிடும் என்பது. அந்த வகையில் ஊசி நல்ல பரிசோதனை, சுமாரான சிகிச்சை.

என் வாசிப்பு

'தானா போயிடும்' என்பது பாதிப் பேருக்குக் கொஞ்சம் மேல் உண்மை, ஆனால் வருடக்கணக்கில். 'நிரந்தரமா போயிடும்' என்பது யார் செய்கிறார் என்பதைப் பொறுத்து உண்மை. இரண்டில் எதையும் உத்தரவாதமாகச் சொல்ல ஆதாரம் இடம் தரவில்லை. நான் படித்த இந்த ஆய்வுகளில், சும்மா விடுவதையும் ஆபரேஷனையும் குலுக்கலில் பிரித்து, ஆறு வருடம் கழித்து ஒரு போட்டோ எடுக்காமல் மாதாமாதம் விசாரித்த ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்று வந்தால் மேலே உள்ள என் கணக்கை எல்லாம் கிழித்துப் போட்டுவிடலாம்.

அதுவரைக்கும், நாள் குறிப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று நான் எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான். இது கேங்லியன்தான் என்று எப்படி உறுதி செய்தீர்கள்? என் வலி இதனால்தானா, அல்லது தசைநாரிலிருந்தா? ஆறு மாதம் காத்திருந்தால் என்ன நஷ்டம்? உங்கள் கையில் எத்தனை திரும்ப வந்தன? தழும்பு, மணிக்கட்டு மடங்காமை, தோல் நரம்பு மரத்துப்போதல் எத்தனை பேருக்கு? நாடிப் பக்கத்துக் கட்டி என்றால் கூடவே ஒன்று: ரத்தக்குழாயை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?

காத்திருப்பதிலும் ஒரு விதி உண்டு. கட்டி வேகமாக வளர்ந்தாலோ, கல் மாதிரி இறுகினாலோ, சிவந்து சூடானாலோ, டார்ச் வெளிச்சம் ஊடுருவாவிட்டாலோ, விரல் மரத்துப் பலம் குறைந்தாலோ காத்திருக்கக் கூடாது. இந்தப் பதிவை மூடிவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.